ஏழாவது வாரப் படத்தில் வெட்டிய பன்னிரண்டு நிமிடம்

தூத்துக்குடி, நீதித்துறை நடுவர் முன்னிலையில், 2024 மார்ச் 21, வியாழக்கிழமை, முற்பகல் 11.20 மணிக்குத் தொடங்கிப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் பிச்சையா. தகப்பனார் பெயர் வன்னியபெருமாள். வயது அறுபத்து மூன்று. முத்தையாபுரத்தில் வாடகை வீட்டில் மனைவி செல்லக்கிளியுடன் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். படம் ஓட்டுவது என் தொழில். இந்த ஊரில் ஒரு தியேட்டரில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. 2021 முதல் கிட்டங்கி கலை மையத்தில் வேலை பார்க்கிறேன். உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கியை மாற்றி, மாடியில் நூற்றிருபது நாற்காலி போட்டுக் கட்டிய இடம் அது.

இங்கே நான் சொல்வது என் மீதே வழக்காகத் திரும்பலாம் என்றும், சொல்லாமல் போக எனக்கு உரிமை உண்டு என்றும் நீதிபதி அவர்கள் எனக்கு விளக்கினார்கள். யோசிக்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். யோசிப்பதற்கு எதுவும் இல்லாததால் வராந்தாவில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை. கடந்த 11.03.2024 அன்று காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்தது பொய். அதைத் திருத்தவே வந்திருக்கிறேன்.

தருவைகுளத்தைச் சேர்ந்த சங்குகுளித் தொழிலாளி ரெக்சன், வயது முப்பத்து நான்கு, கடந்த 19.10.2023 அன்று கடலில் இறந்து போனார். படகு லிங்கராஜ் என்பவருக்குச் சொந்தம். தான் அன்றைக்குப் படகிலேயே இல்லை என்றும், எட்டயபுரத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் இருந்ததாகவும், ரெக்சன் குடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் தானாகக் குதித்தான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். படகில் காற்று மோட்டார் பார்த்த ஆளும் அப்படியே சொல்லியிருக்கிறார். அது பொய் என்று காட்டுகிற பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று இருந்தது. அது இப்போது இல்லை. அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கலை மையத்தின் பொறுப்பாளர் ஐஸ்வர்யா என்கிற பெண் இந்த ஆண்டு ஜனவரி 20 முதல் எட்டு சனிக்கிழமைக்கு எட்டுப் படம் என்று ஏற்பாடு செய்தார். ஒன்று போல் ஒன்று இருக்காது. முதல் வாரம் குழந்தைகள் படம், அடுத்த வாரம் ஊமைப்படம், அதற்குத் தருவைகுளத்து பேண்டுக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். மூன்றாவது வாரம் ஈரான் நாட்டுப் படம். அதில் ஒருவர் கால் மணி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூட்டத்தில் நாலு பேர் உறங்கிவிட்டார்கள், ஒருவர் குறட்டை விட்டார். அதன் பிறகு மலையாளப் படம், மேடையில் ஆடும் பெண்களைப் பற்றிய படம், ஒரு பேய்ப் படம் என்று போனது. எனக்குப் பிடித்ததும் உண்டு, பிடிக்காததும் உண்டு. பிடிக்கிறதோ இல்லையோ, முந்தின நாள் முழுப் படத்தையும் தனியாக உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுவேன். அது என் வழக்கம்.

ஏழாவது வாரம், மார்ச் 2 அன்று, பெவின் என்ற இளைஞர் எடுத்த படம். சங்குகுளிக்கிறவர்களைப் பற்றியது. பெவின் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர், சொந்த ஆசையில் ஒரு வருடமாக இந்தப் படத்தை எடுத்திருந்தார். அவருக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். ஆகவே சின்னக் கேமரா ஒன்றை ரெக்சன் கையில் கொடுத்து, முங்குகிறவருக்குக் குழாய் வழியாகக் காற்று அடிக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டச் சொல்லிவிட்டுக் கரையில் இருந்துகொள்வார். ரெக்சன் இறந்து மூன்றாம் நாள், அவர் மனைவி ஜெபகனி அந்தக் கேமராவை, படகிலிருந்து சாமானோடு யாரோ கட்டி அனுப்பிய அவருடைய துணிப்பையிலிருந்து எடுத்துப் பெவினிடம் கொடுத்திருக்கிறார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

பெவின் அதைப் பார்த்துவிட்டு, போலீசில் கொடுக்காமல், படத்தில் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே துண்டாகச் சேர்த்திருக்கிறார். முதலில் கொடுத்தால் காணாமல் போய்விடும், நூறு பேர் பார்த்த பிறகு யாரும் மறைக்க முடியாது என்பது அவர் கணக்கு. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. டிசம்பர் 14 அன்று படத்தை ஹார்ட் டிஸ்கில் போட்டு எங்களிடம் கொடுத்தார். மூன்று நாள் கழித்து வெள்ளம் வந்தது. பெவின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், கம்ப்யூட்டர் முழுகிவிட்டது. கேமராவிலிருந்த சிப்பில் அதற்கு முன்பே பழையதை அழித்து ஒரு ஞானஸ்நான வீட்டு வீடியோவை எடுத்துவிட்டார். எங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆகவே அந்தப் படம் உலகத்தில் எங்கள் அலமாரியில் மட்டும் இருந்தது.

பெவின் படத்துக்கு முந்தின வாரம், பிப்ரவரி 24 அன்று பேய்ப் படம் ஓடும்போது, படம் முடியும் முன்பே ஒரு பெண் எழுந்து வந்து நான் படம் ஓட்டும் அறை வாசலில் நின்றார். அவரை அதுவரை எனக்குத் தெரியாது. “அண்ணாச்சி, எட்டு நாப்பதுக்கு மேல தருவைகுளத்துக்கு பஸ் கெடையாது. இன்னைக்குப் போனாப் போவுது. அடுத்த வாரமாச்சும் அதுக்கு முன்ன விட்டுருவியளா? பிள்ளய அடுத்த வீட்டுல விட்டுட்டு வாரேன்,” என்று கேட்டார். “நான் பாத்துக்கிடுதேன், நீ வாம்மா,” என்று சொன்னேன். அவர்தான் ஜெபகனி என்பது அப்போது எனக்குத் தெரியாது. யாரோ படம் பார்க்கிற ஆசையுள்ள பெண் என்றுதான் நினைத்தேன், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அதன் பிறகு மார்ச் 1, வெள்ளிக்கிழமை, பெவின் படத்தை முழுவதும் பார்த்தேன். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். மறுநாள் ஆறு மணிக்குத் தொடங்கி, பத்து நிமிடம் இடைவேளை விட்டாலும், எட்டு மணி சுமாருக்கு விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்குச் சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். ஐந்து நிமிடம் என்று சொன்னவர் பேசிக்கொண்டே இருந்தார். ஆறு இருபது ஆயிற்று. படம் ஆறரைக்குத்தான் தொடங்கும், எட்டு முப்பத்திரண்டுக்குத்தான் முடியும் என்று தெரிந்துவிட்டது. எங்கள் மையத்திலிருந்து பழைய பேருந்து நிலையத்துக்குக் கால் மணி நேர நடை. மூன்றாவது வரிசை ஓரத்தில் அந்தத் தருவைகுளத்துப் பெண் உட்கார்ந்திருப்பது என் அறைத் துவாரம் வழியாகத் தெரிந்தது. அவர் இரண்டு தடவை மணி பார்த்தார். விருந்தினர் பேச்சை வெட்ட எனக்கு அதிகாரம் இல்லை. படத்தை வெட்ட எனக்குத் தெரியும்.

தியேட்டரில் இது எல்லோரும் செய்கிற வேலை. படம் நீளம் என்றால், கடைசி பஸ்ஸுக்கு ஜனம் போக வேண்டும் என்றால், ஆபரேட்டர் ஒரு பாட்டையோ ஒரு சண்டையையோ எடுத்துவிடுவான். எடுத்த துண்டைச் சுருட்டி ஆணியில் மாட்டி வைப்போம். பிலிம் பெட்டி திரும்பிப் போகும் முன்பு அதை ஒட்டி அனுப்பிவிடுவோம். முப்பத்தொரு வருடத்தில் என் கையில் ஒரு துண்டுகூடத் தொலைந்தது கிடையாது. இப்போது பிலிம் இல்லை. லேப்டாப்பில் எப்படி வெட்டுவது என்று ஐஸ்வர்யா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், படத்துக்கு முன்னால் வரும் வெற்று இடத்தை எடுப்பதற்காக. அதை வைத்து ஈரான் படத்தில் மலையைப் பார்ப்பதில் ஏழு நிமிடத்தை யாரிடமும் சொல்லாமல் எடுத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அது நகல், அதனால் கெடுதலும் இல்லை. பெவின் படத்தை லேப்டாப்பில் இடம் இல்லாததால் டிஸ்கிலிருந்தே நேராக ஓட்ட வேண்டியிருந்தது. அதில் வெட்டினால் அசலே போய்விடும் என்கிற வித்தியாசம் என் புத்தியில் ஏறவில்லை.

எந்த இடத்தை எடுக்கலாம் என்று யோசித்தேன். பாட்டு இருந்தது, ஜனம் கேட்கும். சங்குச் சந்தை இருந்தது, அதில் ஊர்க்காரர்கள் முகம் வரும், தன் முகத்தைத் தேடி வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். நடுவில் பன்னிரண்டு நிமிடம் ஒரே ஷாட். அதில் ஒன்றும் நடக்காது. இரண்டு இடத்தில் வெட்டினால் போதும். அதை எடுத்தேன். சேமிக்கவா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். விருந்தினர் அப்போதுதான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

நீதிபதி அவர்கள் கேட்டதற்கு: பத்து நிமிட இடைவேளையை விட்டிருந்தாலே பஸ்ஸுக்கு நேரம் கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். இடைவேளை இல்லாமல் ஒரு படத்தை நான் ஓட்டியது கிடையாது. அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கேள்வியை என் மனைவியும் கேட்டுவிட்டாள். இப்போது படுத்தால் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

அந்தத் துண்டில் என்ன இருந்தது என்பதை இனிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பார்த்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஓட்டுகிற படத்தை மறக்கிற புத்தி எனக்கு இல்லை.

முதலில் படகின் ஓரம் தெரியும். காற்று மோட்டார் ஓடுகிற சத்தம் தொடர்ந்து இருக்கும். ரெக்சன் தண்ணீரிலிருந்து ஏறி, மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காருவார். மஞ்சள் பனியன் போட்டிருப்பார். இடது தோளில் கிழிசல், அது கறுப்பு நூலால் தைத்திருக்கும். அவர் வலது முழங்கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பார். அதன் பிறகு ஒரு ஆள் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்பார். வெள்ளைச் சட்டை, முகம் பாதி தெரியும், விரலில் பெரிய மோதிரம். அவர் அந்த மோதிரத்தால் மோட்டாரின் காற்று உருளையை இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே, “ஏலே ரெக்சா, ஒரே ஒரு முங்கு. காத்து மாறுததுக்குள்ள முங்கிட்டு வந்துரு,” என்பார். ரெக்சன், “போதும் அண்ணாச்சி. காலையில இருந்து நாலு முங்கு ஆச்சி. முழங்கை கொடையுது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது,” என்பார். அந்த ஆள் மறுபடியும் உருளையைத் தட்டி, “ஒண்ணுதான்லே. நாளைக்கு உறங்கு,” என்பார். ரெக்சன் வாயில் கவ்வுகிற குழாயைக் கடல் தண்ணீரில் அலசினார். மோட்டார் பார்க்கிற ஆளிடம், “வீட்டுல பிள்ளைக்கு நாளைக்கு பொறந்த நாளு,” என்று சொன்னார். பிறகு இடுப்பில் ஈயக்கட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் குடித்திருந்ததாகத் தெரியவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது. இதெல்லாம் மூன்று நிமிடம்.

அதன் பிறகு ஒன்பது நிமிடம் ஆளே கிடையாது. படகின் தளத்தில் சுருட்டி வைத்த மஞ்சள் காற்றுக்குழாய் மட்டும் தெரியும். அது சுருள் சுருளாகப் பிரிந்து தண்ணீருக்குள் போகும். கொஞ்சம் நிற்கும், மறுபடி போகும். அந்த வெள்ளைச் சட்டை ஆள் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசுவார், சிரிப்பார். என்ன பேசினார் என்பது மோட்டார் சத்தத்தில் கேட்காது. ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் குழாய் மூன்று தடவை வெடுக்கென்று இழுபடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று தடவை. அதன் பிறகு இழுபடாது. தளத்தில் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழாய் அப்படியே கிடக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடம் அப்படியே. பிறகு காட்சி மாறி, சந்தையில் சங்கைச் சாக்கிலிருந்து கொட்டுவார்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காத இடம் என்று எப்படி நினைத்தாய் என்று நீதிபதி அவர்கள் கேட்டார்கள். எனக்கு அந்தத் தொழில் தெரியாது. ரெக்சன் இறந்து போனவர் என்பதும் தெரியாது, படத்தில் எந்த இடத்திலும் அப்படி எழுதிப் போடவில்லை. முதலாளி ‘ஒண்ணே ஒண்ணு’ என்பதும் வேலைக்காரன் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்ச் செய்வதும் நான் காலமெல்லாம் பார்த்தது. என் முதலாளியும் ‘ஒரே ஒரு காட்சி பிச்சையா’ என்றுதான் சொல்வார், நான் காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறேன். அதில் ஒரு குற்றம் நடக்கிறது என்று எனக்குப் படவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அன்றைக்குப் படம் எட்டு இருபதுக்கு முடிந்தது. கை தட்டினார்கள். விளக்கைப் போட்டதும் அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். “அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரக மோட்டார் பக்கத்துல உக்காந்து பேசுதது வரும்னு பெவின் தம்பி சொல்லிச்சு. அவுக கொரலக் கேக்கத்தான் வந்தேன். வரலியே,” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியும் என் வாய், “படம் அப்படித்தாம்மா வந்துது,” என்று சொல்லிவிட்டது.

இந்த வார்த்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். தியேட்டரில் பாட்டைக் காணோம், சண்டையைக் காணோம் என்று ஜனம் கத்தினால் ஆபரேட்டர் சொல்கிற பதில் இது ஒன்றுதான். வெட்டினேன் என்று எவனும் சொல்ல மாட்டான். நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். நெஞ்சு நினைப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிடும். அந்தப் பெண் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனார். பஸ்ஸைப் பிடிக்க நேரம் இருந்தது.

அடுத்த நிமிடம் பெவின் ஓடி வந்து கத்தினார். ஐஸ்வர்யா எல்லோர் முன்பும், “அண்ணாச்சி, நீங்க எதையாவது வெட்டுனீங்களா?” என்று கேட்டார். இல்லை, படம் அப்படித்தான் வந்தது என்று மறுபடியும் சொன்னேன். அன்றைக்கே துண்டை எடுத்து ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். எல்லோரும் போன பிறகு லேப்டாப்பில் தேடினேன். குப்பைத்தொட்டி படம் போட்ட இடத்திலும் தேடினேன். எங்கேயோ ஆணியில் தொங்குகிற மாதிரி அது உள்ளே இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் தேடினேன். புதன்கிழமை, எட்டாவது வாரப் படத்தைப் போட இடம் வேண்டும் என்று, அதே டிஸ்கில் அந்தப் படத்தையும் ஏற்றினேன். அப்படி ஏற்றியதால்தான் இனி மீட்க முடியாமல் போய்விட்டது என்று பிறகு டிஸ்கைச் சோதித்துப் பார்த்த போலீஸ் அதிகாரி சொன்னார். நான் செய்த தப்பில் பெரிய தப்பு அது. அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை.

பெவின் புகார் கொடுத்தார். 11.03.2024 அன்று காவல் நிலையத்தில் என்னைக் கேட்டபோது, படம் ஒரு மணி நாற்பது நிமிடமாகத்தான் வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம், முப்பத்தொரு வருடப் பேர் போய்விடும் என்ற பயம், இரண்டும் இருந்தன. அப்படி ஒரு துண்டே கிடையாது, படகு முதலாளி மேல் பழி போடப் பெவின் கதை கட்டுகிறான் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு என் கையெழுத்துதான் ஆதாரம்.

அதன் பிறகு 14.03.2024, வியாழக்கிழமை காலை, முத்தையாபுரம் டீக்கடையில் நான் நிற்கும்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் என்னிடம் வந்து, தன் பெயர் லிங்கராஜ் என்று சொன்னார். அதற்கு முன்பு அவரை நேரில் பார்த்தது இல்லை. “அண்ணாச்சி, படம் அப்படித்தான் வந்ததுன்னு சொன்னியளாம். அது போதும். அதையே சொல்லுங்க, நல்லா இருப்பிய,” என்று சொல்லி என்னைக் கும்பிட்டார். எனக்கு அவர் பணம் எதுவும் தரவில்லை, தருகிறேன் என்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அது வரும்வரை கடைக்காரரின் டின் மேல் மோதிரத்தால் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தார். படத்தில் பார்த்த ஆள் இவர்தான். பாதி முகம் என்றாலும் எனக்குச் சந்தேகம் இல்லை, குரலும் அதே குரல். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு முன்பு எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவர் கும்பிட்ட கும்பிடு மாதிரி எதுவும் என்னைக் கூசவைத்தது இல்லை.

17.03.2024, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பஸ் பிடித்துத் தருவைகுளம் போனேன். கோவில் பூசை முடிந்து ஜெபகனி வீட்டில் இருந்தார். மீன் காயப்போடுகிற வேலைக்குப் போகிறவர், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. வாசலிலேயே நின்று நான்தான் வெட்டினேன், துண்டு போய்விட்டது என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, “என்ன சட்ட போட்டிருந்தாக?” என்று கேட்டார். மஞ்சள் பனியன், இடது தோளில் கறுப்பு நூல் தையல் என்றேன். “வீட்டுல மஞ்ச நூலு இல்ல. அன்னைக்குக் காலையிலதான் தச்சுக் குடுத்தேன். அதோடதான் கொண்டாந்து போட்டாங்க,” என்றார். படத்தைப் பார்த்திருந்தால் தவிர, அவர் சொல்வதற்கு முன்பே அந்தத் தையல் எனக்குத் தெரிய வழியில்லை என்பதை நீதிமன்றம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு, படத்தில் தன் கணவர் என்ன பேசினார் என்று கேட்டார். சொன்னேன். “போதும்னா சொன்னாக?” என்று கேட்டார். போதும் என்றுதான் சொன்னார் என்றேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். பிள்ளைக்குப் பிறந்த நாள் என்றதையும் சொன்னேன். நாலைந்து தடவை சொல்லச் சொன்னார், அவர் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொல்லச் சொன்னார். எனக்குக் குரல் மாற்றிப் பேச வராது. வந்தவரைக்கும் சொன்னேன். குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வேறென்ன வந்தது என்று கேட்டார். வேறொன்றும் இல்லை, குழாய்தான் கிடந்தது, மூன்று தடவை இழுபட்டது, மறுபடியும் மூன்று தடவை இழுபட்டது என்றேன். அதைக் கேட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு, “மூணு இழுப்பு இழுத்தா மேல தூக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி. இங்கன பச்சப்பிள்ளைக்கும் தெரியும்,” என்றார். அவர் கணவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். நான் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத இடம் என்று வெட்டியிருக்கிறேன். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

கிளம்பும்போது, “இத கோர்ட்டுல வந்து சொல்லுவியளா?” என்று கேட்டார். சொன்னால் என்னை உள்ளே வைத்துவிடுவார்களே அம்மா என்றேன். “எனக்காவ வெட்டுனேன்னு சொல்லுதியல்லா. எனக்காவ வந்து சொல்லுங்க,” என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் ஐஸ்வர்யாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர்தான் வழக்கறிஞர் மூலம் இன்றைக்கு இங்கே வர ஏற்பாடு செய்தார்.

என் பேச்சு அந்தப் படத்துக்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். லிங்கராஜின் வழக்கறிஞர் என்னைப் பொய்யன் என்பார், முன்பு ஒன்று எழுதிக் கொடுத்தவன்தானே என்பார். சொல்லட்டும். அந்தப் படம் அப்படி வரவில்லை. ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடமாக வந்தது. நான்தான் வெட்டினேன்.

மேலே எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வாசிக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. குழாய் கிடந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றி இவ்வளவு நீளம் தேவையா, இரண்டு வரியாகச் சுருக்கிக்கொள்ளலாமா என்று தட்டச்சர் கேட்டார். வேண்டாம், அதை முழுவதும் வைக்க வேண்டும் என்று நீதிபதி அவர்களைக் கேட்டுக்கொண்டேன். அவர்களும் அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவிட்டார்கள். நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேர்க்கப்படவில்லை, எல்லாம் நான் அறிந்த உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வ. பிச்சையா